இரண்டாம் தட்டு

சாட்ஸ்வொர்த் நூலகத்தில் ஜெராக்ஸ் மெஷின்
என் பொறுப்பு. பக்கத்துக்கு ஒரு ராண்ட்.
அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல்,
இறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம்:
எதையும் வாசிக்கக் கூடாது என்பது விதி.
எல்லாவற்றையும் வாசிப்பேன்.

தேஷ்லன் வந்தது வெள்ளிக்கிழமை, நாலேகாலுக்கு.
மெட்ரிக் முடித்துப் பதினொரு மாதம்.
கையில் ஒரு படிவம்.
ப்ரொஸ்பெக்டன் பக்கம் குளிர்சாதனப் பட்டறையில்
மூன்று வருடப் பயிற்சி,
மாதம் நாலாயிரத்து இருநூறு.
"இதை அனுப்பலாமா ஆன்ட்டி, வேண்டாமா?"
எனக்கு வயது இருபத்தொன்பது.

வாசலில் ஒரு வெள்ளை போலோ
எஞ்சினை அணைக்காமல் நின்றது,
உள்ளே ஓடிய பாட்டில் கதவுகள் அதிர.
ஓட்ட ஆள் வேண்டுமாம்.
ஃபீனிக்ஸ் வரை போக ஒரு தடவை, வர ஒரு தடவை.
ஓர் இரவுக்கு இரண்டாயிரம்.
"பொட்டலத்துல என்னன்னு நான் கேக்கல," என்றான்.
கேட்காததை மூன்று முறை சொன்னான்.

கணக்கு எனக்கும் தெரியும்.
அவன் அம்மாவின் சட்டைத் தொழிற்சாலை
ஜூனில் மூடியது.
வீட்டு மின்சார மீட்டரில் ஒன்பது யூனிட் மிச்சம்.
அறிவுரைக்கென்று இங்கே ஓர் அலமாரியே இருக்கிறது:
வெற்றிக்கு ஏழு படி, பத்துப் படி, இருபத்தொரு படி.
கடைசியாக ஒருவர் எடுத்துப்போன முத்திரைக்கு
நாலு வயது.

"நாலு நகல் எடுக்கணும், உட்கார்," என்றேன்.

அப்புறம் நான் செய்தது பெருமைக்குரியதல்ல.
இரண்டாம் தட்டை இழுத்து
ஒரு தாளின் முனையை மடித்து உள்ளே தள்ளினேன்.
மெஷின் இருமி நின்றது. சிவப்பு விளக்கு.
"பேப்பர் சிக்கிடுச்சு."

பக்கக் கதவைத் திறந்தேன், மூடினேன்.
விரலெல்லாம் கறுப்புப் பொடி.
வெளியே ஹார்ன், ஒரு முறை.
உருளையைச் சும்மா சுற்றினேன்.
ஹார்ன் இரண்டு முறை, நீளமாக.
தேஷ்லன் எழுந்தான்.
அவன் படிவமும் அடையாள அட்டையும்
கண்ணாடியின் மேல் கவிழ்ந்து கிடந்தன.
மூடியைத் தூக்கினால் எடுத்துவிடலாம்.
தூக்கவில்லை.
உட்கார்ந்தான்.

பத்தொன்பதில் நானும் ஒரு காரின் பின்சீட்டில்
ஏறியிருக்கிறேன்.
அன்று எந்த மெஷினும் பழுதாகவில்லை.

நாலு நாற்பதுக்கு போலோ கிளம்பிற்று,
வேறொருவனைத் தேடி.
அந்த வேறொருவனுக்கு யார் தாளை மடித்தார்கள்?
இன்றுவரை அது என் தொண்டையில் நிற்கிறது.

படிவத்தில் 'உங்கள் திறமைகள்' என்று ஒரு கட்டம்.
வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினான்:
"ஃபிரிட்ஜ் சரிசெய்வேன். பக்கத்து வீட்டில் இரண்டு.
ஒன்று இன்னும் ஓடுகிறது."

அடுத்த வெள்ளி மறுபடி வந்தான்.
அதே நேரம். வெளியே அதே வெள்ளைக் கார்.
பட்டறையில் வங்கித் தாள் கேட்கிறார்களாம்,
ஒரு நகல்.
ராண்டை மேசையில் வைத்துக் குரலைத் தாழ்த்தினான்.
"இரண்டாவது தட்டைத் தொடாதீங்க.
போன வாரமே பார்த்துட்டேன்."

என் காது சுட்டது.
"அப்போ ஏன் உட்கார்ந்தே?"

"உட்கார ஒரு சாக்கு வேண்டியிருந்தது ஆன்ட்டி.
யாராவது தந்தா போதும்னு இருந்தது."
நகலை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.
"இன்னிக்கு வேண்டாம். நானே பேசிக்கிறேன்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
அவன் கார் ஜன்னலில் குனிவது தெரிந்தது.
பாட்டை யாரோ குறைத்தார்கள்.
பேச்சு நீண்டது,
நான் விரும்பியதைவிட நீளமாக.
ஒருமுறை சிரித்தான்.
ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

என் கை தட்டின் பிடியில் இருந்தது.
இழுக்க அங்கே ஒன்றுமில்லை.
மெஷின் சும்மா இருந்தது,
பச்சை விளக்கோடு,
அடுத்த ஆளுக்காக.